உத்தம தியாகமும் மறவாமையும்



தசலட்சண பருவத்தின் எட்டாம் நாளுக்கு உரிய தருமம் உத்தம தியாகம் என்பதைச் சிராவக சிராவகியர் யாவரும் அறிவோம். அன்று ஜினாலயங்களில் அபிடேகமும் பூசையும் நிறைவுற்ற பின்னர்த் தானத்தின் பெருமையைப் பெரியோர் எடுத்துரைப்பர். நாமும் கேட்டு மகிழ்ந்து, இயன்ற பொருளை உண்டியலில் இட்டு இல்லம் திரும்புவோம். மறுநாள் ஆகிஞ்சன்ய தருமத்தைப் பற்றிய உரை நடைபெறும். 'எனது' என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லாத நிலையே ஆகிஞ்சன்யம். அது முனிவர்க்கு உரியது, நமக்கு எட்டாதது என்று எண்ணி அந்த உரையை நாம் அரைமனத்துடன் கேட்பதுண்டு. எட்டாம் நாளுக்கும் ஒன்பதாம் நாளுக்கும் இடையே உள்ள உறவை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அதனை இவ்விதழில் எண்ணிப் பார்ப்போம். அதற்குத் துணையாக நம் நூல்களில் உள்ள பழங்கதைகளோடு, ஓசூருக்கு அருகே கர்நாடக எல்லையில் 1997 முதல் நடந்துவரும் ஒரு கல்விப் பணியையும் எடுத்துக்கொள்வோம். அப்பணியைத் தொடங்கியவர் சைனர் அல்லர். ஆயினும் அறம் எங்கே நிகழினும் அதனைக் கண்டு மகிழ்தல் நற்காட்சி உடையார்க்கு உரிய பண்பாகும்.

பிறர் நலத்தின் பொருட்டுத் தன் உடைமையை விட்டுக்கொடுத்தலே தானம் என்று உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் இலக்கணம் வகுத்தார். கொடுக்கும் முறை, கொடுக்கும் பொருள், கொடுப்பவர், கொள்பவர் ஆகிய நான்கின் சிறப்புக்கு ஏற்பத் தானத்தின் சிறப்பும் வேறுபடும் என்பதும் அவர் வாக்கு. சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் உணவு, மருந்து, கருவி, உறைவிடம் எனத் தானத்தை நான்காக வகுத்தார். ஆகார தானம், ஔடத தானம், சாத்திர தானம், அபய தானம் என்று நம் ஊர்ப் பெரியவர்கள் வழக்கில் சொல்வதும் ஏறத்தாழ இந்த நான்கையே. இவற்றை நாம் சிறுவயது முதல் கேட்டு வருகிறோம். ஆனால் அதே ஆசாரியர் தானத்திற்கு உரிய குற்றங்களாக ஐந்தினைச் சொல்லியிருப்பதை நாம் அத்துணை நினைவில் கொள்வதில்லை. பசிய இலையால் உணவை மூடுதல், பசிய இலைமேல் உணவை வைத்தல் என்னும் முதலிரண்டும் முனிவர்க்கு அளிக்கும் உணவைப் பற்றியவை. மற்ற மூன்றும் மனத்தைப் பற்றியவை. அவை அவமதிப்பு, மறதி, பொறாமை என்பன.

மறதி ஒரு குற்றமா? கொடுத்ததை மறந்துவிடுவது பெருந்தன்மை என்றல்லவா உலகம் சொல்கிறது? இவ்விடத்தில் சற்று நின்று நோக்குதல் வேண்டும். கொடுத்த பொருளை மறத்தல் நல்லது. கொண்டவரை மறத்தல் தீது. ஆசாரியர் இதனை முனிவர்க்குத் தொண்டு செய்யும் இடத்தில் வைத்துச் சொன்னார். இல்லறத்தார் இரங்கிச் செய்யும் கருணை தானத்திற்கும் அதனை நீட்டிப் பொருள் கொள்வதில் பிழை இல்லை என்பது நமது கருத்து.

ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் பள்ளிகள் திறக்கும்போது நம் சங்கங்கள் பலவும் ஏழைப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகமும் பையும் சீருடையும் வழங்குகின்றன. மேடை அமைத்து, சால்வை அணிவித்து, நிழற்படம் எடுத்து, அந்தப் படத்தை இதழுக்கும் அனுப்புகின்றன. அது நற்பணியே, ஐயமில்லை. ஆனால் அக்குழந்தை செப்டம்பர் மாதத்தில் பள்ளியில் இருக்கிறதா, கல்குவாரிக்குச் சென்றுவிட்டதா என்று கேட்போர் நம்மில் எத்தனை பேர்? அடுத்த ஆண்டு மேடையில் நிற்பது அதே குழந்தையா, வேறு குழந்தையா என்பதையேனும் அறிவோமா? பை கொடுத்த கையை நிழற்படம் நினைவில் வைத்திருக்கிறது. பையைச் சுமந்த தோளை நாம் நினைவில் வைப்பதில்லை.

இப்போது ஓசூர்ப் பகுதிக்கு வருவோம். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்த பின்னர் அசோக் லேலண்டு, டி.வி.எஸ்., டைட்டன் எனப் பெரும் ஆலைகள் அங்கே எழுந்தன. தருமபுரி மாவட்டத்திலிருந்து 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆயிற்று. 2019-இல் ஓசூர் மாநகராட்சியும் ஆயிற்று. வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பக்கத்து நம் கிராமங்களிலிருந்து பிழைப்பின் பொருட்டு ஓசூரிலும் பெங்களூரிலும் குடியேறிய குடும்பங்கள் உண்டு. ஆலையின் ஊதியத்தால் அவர்கள் வாழ்வு உயர்ந்தது. ஆனால் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே சில கல் தொலைவு சென்றால் காட்சி மாறிவிடும். கல் உடைப்போரும், செங்கல் சூளையில் உழைப்போரும், நாட்கூலிக்கு நிலத்தில் குனிந்து நிற்போரும் வாழும் குடியிருப்புகள் அங்கே உள்ளன. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, கடையில் தமிழ் பேசி, வேலை கிடைக்கும் பக்கம் எல்லை தாண்டிச் செல்லும் மக்கள் அவர்கள். தந்தை வேலைக்கு இடம் மாறும்போது குழந்தையின் பள்ளியும் மாறும். இரண்டு மூன்று முறை மாறிய பின் பள்ளியே இல்லாமற் போகும்.

இந்த வட்டாரத்தில், பாலிகானப்பள்ளி என்னும் சிற்றூரை ஒட்டி அமைந்துள்ளது சாந்தி பவன் என்னும் உறைவிடப் பள்ளி. (ஊர்ப்பெயரில் 'பள்ளி' என்று கண்டதும் அங்கே நம் முனிவர் வாழ்ந்த பள்ளி இருந்தது என்று சிலர் உடனே எழுதிவிடுவர். தெலுங்கில் 'பள்ளி' என்பது சிற்றூரைக் குறிக்கும் சொல்லாகும். அவசர முடிவு வேண்டா. ஆனால் கல்வி கற்கும் இடத்துக்குத் தமிழில் 'பள்ளி' என்று பெயர் வந்தது நம் முனிவர் உறைந்த பள்ளிகளால் என்பது அறிஞர் பலரும் கூறுவதே.) இப்பள்ளியை 1997-இல் நிறுவியவர் ஆபிரகாம் ஜார்ஜ். திருவனந்தபுரத்தில் பிறந்தவர். இளமையில் இந்தியப் படையில் பீரங்கிப் பிரிவின் அதிகாரியாக வடகிழக்கு எல்லையில் பணிபுரிந்தார். பின்னர் அமெரிக்கா சென்று நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1976-இல் கணினி மென்பொருள் நிறுவனம் ஒன்றைத் தொடங்கிப் பெருஞ்செல்வம் ஈட்டினார். 1995-இல் தாய்நாடு திரும்பித் தம் பெயரால் ஓர் அறக்கட்டளை நிறுவினார். 1998-இல் தம் நிறுவனத்தையே விற்றுவிட்டார்.

அவர் செய்த பணிகள் பல. 1999-இல் பெங்களூரில் ஈய நச்சினைப் பற்றிய பன்னாட்டு மாநாடு ஒன்றை அவர் அறக்கட்டளை கூட்டியது. பெட்ரோலில் கலந்த ஈயம் காற்றோடு சென்று குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பதை அது எடுத்துக்காட்டியது. அடுத்த ஆண்டிலேயே நம் நாடெங்கும் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனை நிறுத்தப்பட்டது. அதற்கு உழைத்தவர் பலர், அவர்களுள் இவரும் ஒருவர். கண்ணுக்குத் தெரியாத நஞ்சினைக் காற்றிலிருந்து நீக்குதலும் கொல்லாமையின் ஒரு பகுதி என்பதை நாம் எண்ணுதல் தகும். பள்ளிக்கு அருகே சுற்று வட்டாரக் கிராம மக்களுக்காக ஒரு மருத்துவ நிலையமும் அமைத்தார். இவற்றைப் பற்றி இன்னும் எழுதலாம். நமது பொருளுக்கு வேண்டுவது பள்ளியே.

அப்பள்ளி குழந்தைகளைத் தேர்ந்தெடுக்கும் முறை கவனிக்கத்தக்கது. ஏறத்தாழ நான்கு வயதில் குழந்தையைச் சேர்க்கிறார்கள். பள்ளியைச் சேர்ந்தோர் நேரில் வீட்டுக்கே சென்று, குடும்பம் மெய்யாகவே வறுமையில் வாடுகிறதா என்று பார்க்கிறார்கள். ஆணும் பெண்ணும் சம அளவில் எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு குடும்பத்தில் ஒரே ஒரு குழந்தைக்குத்தான் இடம். சேர்ந்த குழந்தைகளில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்டோர் என்று ஒதுக்கிவைக்கப்பட்ட குலங்களில் பிறந்தவர்கள். சேர்ந்த நாள் முதல் உணவு, உடை, மருத்துவம், உறைவிடம், கல்வி அனைத்தும் பள்ளியின் பொறுப்பு. பன்னிரண்டாம் வகுப்போடு அது முடிவதில்லை. கல்லூரிக் கட்டணமும், அங்கே தங்கும் செலவும் தந்து, முதல் வேலையில் சேரும்வரை உடன் வருகிறார்கள். நான்கு வயதில் தொடங்கிய பொறுப்பு இருபத்தொன்று, இருபத்திரண்டு வயதில் முடிகிறது. கூட்டிப் பாருங்கள். ஒரு குழந்தையை ஏறத்தாழ 17 ஆண்டுகள் மறவாதிருத்தல். ஆசாரியர் சொன்ன மறதி என்னும் குற்றத்திற்கு இதனினும் நேரான மறுதலையை நாம் கண்டதில்லை.

சாத்திர தானத்திற்கு எடுத்துக்காட்டாகச் சமந்தபத்திரர் பெயர் சுட்டுபவர் கௌண்டேசர். அவர் வரலாற்றை உரைநூல்கள் இவ்வாறு சொல்கின்றன. முற்பிறப்பில் அவர் கோவிந்தன் என்னும் இடையர். மாடு மேய்க்கும்போது ஒரு மரப்பொந்தில் ஓலைச்சுவடி ஒன்றைக் கண்டெடுத்தார். அதில் எழுதியிருப்பது என்ன என்று அவருக்குத் தெரியாது. ஆயினும் அதனைப் போற்றிக் காத்து வந்து, பத்மநந்தி முனிவருக்கு அளித்தார். அந்தப் புண்ணியத்தால் மறுபிறப்பில் ஊர்த்தலைவர் மகனாகத் தோன்றி, துறவு பூண்டு, கற்றறிந்த முனிவராக விளங்கினார் என்பது கதை. படிப்பறியாத ஒருவர் கல்வியைக் காத்தார். காத்த கல்வி அவரை வந்து அடைய ஒரு பிறப்பு ஆயிற்று. இக்கதையைச் சொல்லும்போது நம் பேச்சாளர்கள் சாத்திர தானத்தின் பயனைப் புகழ்வார்கள். மாடு மேய்த்த அந்தச் சிறுவனுக்கு அப்பிறப்பிலேயே எழுத்தறிவிக்க ஒருவரும் இல்லையே என்று நாம் கேட்பதில்லை. கேட்டிருக்கலாம். மாதங்க குலத்தில் பிறந்தவரும் நற்காட்சி உடையராயின் தேவருக்கு நிகர் என்றும், சாம்பலால் மூடிய தணல் போன்றவர் என்றும் கருத்துரைத்த ஆசாரியரின் வழிவந்தோர் நாம். சாம்பலை ஊதுதல் கல்வியின் வேலை அன்றோ?

நான்காவதாகிய உறைவிட தானத்திற்கு ஆசாரியர் காட்டும் சான்று மனிதரே அல்லர், ஒரு காட்டுப் பன்றி. குயவர் ஒருவரும் நாவிதர் ஒருவரும் கூட்டாக ஒரு தங்கல்மனை கட்டினர். அதில் குயவர் ஒரு சைன முனிவரைத் தங்கவைத்தார். நாவிதரோ அம்முனிவரை வெளியேற்றிவிட்டு வேறொரு துறவியை அங்கே இருத்தினார். இதனால் இருவரும் சண்டையிட்டு மாண்டு, பன்றியும் புலியுமாகப் பிறந்தனர். முனிவர் இருவர் ஒரு குகையில் தங்கியிருந்தபோது புலி அவர்களைத் தாக்க வந்தது. பன்றி குகை வாயிலில் நின்று அதனைத் தடுத்தது. இரண்டும் ஒன்றையொன்று தாக்கி இறந்தன. காக்க நின்ற பன்றி தேவகதி அடைந்தது. அதனிடம் கொடுக்கப் பொருள் ஏதுமில்லை. வாயிலில் நின்றது, அவ்வளவே. புலி போகும்வரை நின்றது என்பதே அக்கதையில் நாம் நினைக்கவேண்டுவது. சற்று நேரம் நின்றுவிட்டு, என் கடன் முடிந்தது என்று விலகியிருந்தால் அபய தானம் என்னாவது? வறுமைக் குடியில் பிறந்த ஒரு பெண் குழந்தைக்குப் புலி பல வடிவில் வரும். பத்து வயதில் கூலி வேலையாக வரும். பதினைந்து வயதில் கட்டாயத் திருமணமாக வரும். பதினெட்டில் கல்லூரிக் கட்டணமாக வரும். ஐந்து வயதில் நோட்டுப் புத்தகம் கொடுத்தவர் பதினைந்தில் வாயிலில் இல்லாவிடின் பயன் குறைவே.

நம் சமூகத்தில் சிலர், முனிவர்க்கும் அறவோர்க்கும் கொடுப்பதே பாத்திர தானம், மற்றது தாழ்ந்தது என்பர். முனிவர்க்கு அளிக்கும் தானத்தின் உயர்வை நாம் மறுக்கவில்லை. ஆனால் கருணை தானம் அதற்குப் போட்டி அன்று. முன்னது நற்காட்சிக்கு உரம்; பின்னது நற்காட்சி உள்ளதற்கு அடையாளம். துன்புறும் உயிரைக் கண்டு மனம் இரங்குதல் நற்காட்சியின் அடையாளங்களுள் ஒன்றாகச் சொல்லப்பட்டுள்ளது அன்றோ?

இனி எட்டாம் நாளிலிருந்து ஒன்பதாம் நாளுக்குச் செல்வோம்.

சாந்தி பவனின் முதல் பத்தாண்டுகள் பெரும்பாலும் நிறுவனரின் சொந்தச் செல்வத்தால் நடந்தன. 2008-இல் உலகெங்கும் பொருளாதார நெருக்கடி ஏற்பட்டபோது அந்தச் செல்வம் பெரிதும் கரைந்தது. பள்ளியை மூடவேண்டுமோ என்னும் நிலை வந்தது. நூற்றுக்கணக்கான குழந்தைகள் நடுவழியில் நிற்கிறார்கள். அவர்களைப் பெற்றோரிடம் திருப்பி அனுப்பினால் அதுவரை கொடுத்ததெல்லாம் என்னாகும்? இதுவே உத்தம தியாகத்தின் மெய்யான சோதனை என்போம். மிகுதியாக இருக்கும்போது கொடுத்தல் ஒரு வகை. இல்லாதபோதும் பொறுப்பை விடாதிருத்தல் வேறு வகை.

அப்போது நிறுவனரின் மகன் அஜித் ஜார்ஜ் நிதி திரட்டும் பணியை ஏற்றார். ஒருவர் கொடையாக இருந்தது பல நாடுகளில் உள்ள பலர் சிறுகச் சிறுகக் கொடுக்கும் கொடையாக மாறியது. பள்ளி மூடப்படவில்லை. 2017-இல் வனெசா ரோத் என்னும் அமெரிக்கப் பெண்மணி, இப்பள்ளி மாணவியர் சிலரின் வாழ்வைப் பல ஆண்டுகள் தொடர்ந்து படம் பிடித்து, நான்கு பகுதிகள் கொண்ட ஆவணப்படமாக வெளியிட்டார். அதற்கு ஏ.ஆர். ரகுமான் இசையமைத்தார். அதன் வாயிலாகப் பள்ளியின் பெயர் உலகறிந்தது. செல்வர் ஒருவர் வறியோர்க்குக் கொடுத்த கதையாகவே அதனைப் பார்த்தோர் பலர். செல்வர் ஒருவர் 'எனது பள்ளி' என்னும் சொல்லை விட்டுக்கொடுத்த கதையாகவும் நாம் அதனைக் காணலாம். தம் பொருளைக் கொடுத்தது தியாகம். தம் ஒருவரால்தான் நடக்கும் என்னும் நிலையை விட்டது ஆகிஞ்சன்யத்தின் சாயல். இல்லறத்தார்க்கு எட்டாதது என்று நாம் ஒதுக்கிவைத்த தருமம் இவ்வாறு இல்லறத்தின் வாயிலிலும் வந்து நிற்கிறது.

நம் முன்னோர் இதனை அறிந்திருந்தனர். அன்று தகடூர் என வழங்கிய தருமபுரியில், நுளம்ப மன்னன் மகேந்திரன் காலத்தில், கி.பி. 893-ஐச் சார்ந்த கல்வெட்டு ஒன்று உண்டு. நிதியண்ணன், சந்தியண்ணன் என்னும் வணிக குலத்து உடன்பிறந்தார் இருவர் அங்கே ஒரு சைன வசதியை எழுப்பினர். நிதியண்ணன் மன்னனிடம் மூலப்பள்ளி என்னும் ஊரைப் பெற்று, கனகசேன சித்தாந்த படாரரிடம் ஒப்படைத்தான். எதற்காக? பூசைக்காக மட்டும் அன்று. பழுது நேர்ந்தால் புதுப்பிப்பதற்காகவும். கட்டியவன் தன் காலத்திற்குப் பின் வரும் விரிசலையும் முன்கூட்டி நினைத்தான். கோயிலுக்கு இவ்வளவு முன்னறிவு காட்டியவர்கள் நாம். குழந்தையின் படிப்பில் விழும் விரிசலுக்கு ஏன் ஒதுக்கி வைப்பதில்லை?

சாந்தி பவனைப் புகழ்வதோடு நிறுத்தினால் நாம் அநேகாந்தத்தைப் பின்பற்றியவர் ஆகோம். அதன் மேல் வைக்கத்தக்க வினாக்களும் உண்டு. நான்கு வயதுக் குழந்தையைத் தாயின் மடியிலிருந்து பிரித்தல் சரியா? விடுமுறைக்குத் தன் குடிசைக்குத் திரும்பும் குழந்தை, ஆங்கிலம் பேசவும் தூய படுக்கையில் உறங்கவும் பழகிய பின், அங்கே விருந்தாளியாகிவிடாதா? ஒரு சில நூறு குழந்தைகளுக்கு இத்துணைச் செலவு செய்வதைவிடப் பல்லாயிரவர்க்குச் சிறிது சிறிதாகச் செய்தல் மேல் அன்றோ? இவற்றுக்கு ஒரு நோக்கில் ஆம் என்றும், ஒரு நோக்கில் இல்லை என்றும் விடை சொல்லலாம். கடைசி வினாவைப் பற்றி மட்டும் நமது கருத்தைச் சொல்வோம். பல்லாயிரவர்க்குச் சிறிது செய்தல் அரசின் கடமை. அதனை அரசு செய்தே ஆகவேண்டும். ஒருவரைக் கடைசிவரை கொண்டுசெல்லுதல் அறவோர் செய்யத்தக்கது.

ஆனால் ஒரு குடும்பத்தில் ஒரே குழந்தை என்னும் விதி நம் நெஞ்சை உறுத்துகிறது. அதன் நியாயம் விளங்குகிறது. ஒரே வீட்டில் மூவரை எடுப்பதைவிட மூன்று வீடுகளில் ஒவ்வொருவரை எடுத்தால் மூன்று குடும்பங்கள் எழும். எழுந்தவர் தம் ஊதியத்தால் உடன்பிறந்தாரையும் தூக்கிவிடுவர் என்பது பள்ளியின் எதிர்பார்ப்பு. பல வீடுகளில் அவ்வாறே நடந்துள்ளது. ஆனால் அதற்குள் 17 ஆண்டுகள் ஓடிவிடுமே. இப்பள்ளியில் பயின்ற ஷில்பா ராஜ் என்பவர், யானை விரட்டுபவரின் மகள் எனப் பொருள்படும் தலைப்பில் 2017-இல் ஆங்கிலத்தில் தம் வரலாற்றை எழுதி வெளியிட்டுள்ளார். பயிர்களை அழிக்க வரும் யானைகளை விரட்டும் வேலை செய்தவர் அவர் தந்தை. ஷில்பா பள்ளிக்குச் சென்றார், தங்கை வீட்டில் இருந்தார். அந்தத் தங்கை வளரிளம் பருவத்திலேயே இறந்துபோனார். ஒரு வயிற்றுப் பிள்ளைகள் இருவரில் ஒருவர் நூலாசிரியர் ஆனார், மற்றவர் நினைவாக மட்டும் எஞ்சினார். இதற்குப் பள்ளியைக் குறை கூறுதல் அறிவுடைமை ஆகாது. தன்னால் இயன்ற ஒரு வாயிலில் அது நிற்கிறது. அடுத்த வாயிலில் நிற்பார் யார் என்பதே வினா.

அந்த இரண்டாவது குழந்தை நமக்கு உரியது என்பது எம் வேண்டுகோள். சாந்தி பவன் மாணவரின் தம்பி தங்கையரை மட்டும் சொல்லவில்லை. ஏதேனும் ஒரு நற்பள்ளியின் தேர்வில் தவறிய பிள்ளைகள், அக்காளுக்கு இடம் கிடைத்துத் தனக்குக் கிடைக்காத தங்கைகள், ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்தில் தேடினால் கிடைக்காமற் போகமாட்டார்கள். அவர்களுக்கு உறைவிடப் பள்ளி கட்ட நம்மால் இயலாது, கட்டவும் வேண்டா. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளில் நண்பகல் உணவு நெடுங்காலமாக உண்டு. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவுத் திட்டம் 2022-இல் தொடங்கிற்று. பாடநூலும் சீருடையும் அரசே தருகிறது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி செல்லும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டமும் அதே 2022-இல் வந்தது. ஆகவே ஆகார தானத்தின் பெரும்பகுதியை அரசு ஏற்றுக்கொண்டது. நோட்டுப் புத்தகமும் ஓரளவு கிடைத்துவிடுகிறது. கிடைக்காதது எது? மாலையில் அமர்ந்து படிக்க விளக்குள்ள ஓர் இடம். இரண்டு நாள் பள்ளிக்கு வராவிட்டால் ஏன் வரவில்லை என்று வீட்டுக்கு வந்து கேட்கும் ஒரு மனிதர். பத்தாம் வகுப்புக்குப் பின் எந்தப் பாடம் எடுக்கலாம் என்று சொல்லும் ஒரு பெரியவர். பெற்றோர் எல்லை தாண்டி வேலைக்குப் போகும் மாதங்களில் குழந்தை தங்குவதற்கு ஓர் அச்சமற்ற கூரை.

ஆலைகளில் பணியாற்றி ஓய்வுபெற்ற பொறியாளரும், ஆசிரியரும், வங்கி அலுவலரும் நம் சமூகத்தில் உள்ளனர். இவை யாவும் அவர்களால் இயன்றவையே. பொருள் சிறிது போதும், நினைவுதான் நெடிது வேண்டும்.

இது நம் மரபுக்குப் புதிதும் அன்று. வந்தவாசிப் பக்கத்து விடால் குன்றில் உள்ள சோழர் காலக் கல்வெட்டு, கனகவீரக் குரத்தியார் என்னும் பெண் துறவியைப் பற்றிக் கூறுகிறது. ஆதித்த சோழனின் 14-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது அது. குணகீர்த்தி படாரரின் மாணாக்கியாகிய குரத்தியாரிடம் 500 மாணவியர் இருந்தனர். அவர்களுக்கும் வேறொரு கூட்டத்தார்க்கும் பிணக்கு நேர்ந்தபோது, குரத்தியாரையும் மாணவியரையும் காத்து உணவளிக்கும் பொறுப்பை ஊரார் ஏற்றுக்கொண்டனர். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னர், தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றில், 500 பெண்களின் கல்விக்கு ஓர் ஊரே காவல் நின்றது. மன்னன் ஆணையிட்டதாக அதில் இல்லை. ஊரார் தாமே ஏற்றனர். ஏற்றதைக் கல்லில் வெட்டினர். மறவாமைக்கு அவர்கள் கண்ட வழி அது.

நமக்குக் கல் வேண்டா, ஒரு பேரேடு போதும். ஒவ்வொரு ஜினாலயத்திலும் அல்லது சங்க அலுவலகத்திலும், ஓர் இல்லம் ஒரு குழந்தையை ஏற்றது என்று அதில் எழுதி வைக்கலாம். பள்ளி முடியும்வரை என்று கால எல்லையும் குறிக்கலாம். ஏற்றவர் நோயுற்றாலோ ஊர் மாறினாலோ அப்பொறுப்பை ஏற்கும் இரண்டாவது இல்லத்தின் பெயரையும் அப்போதே எழுதிவிடவேண்டும். 2008-ஐ நாம் மறக்கலாகாது. குழந்தையை மேடைக்கு அழைத்தலும் நிழற்படம் எடுத்தலும் வேண்டா. அவமதிப்பும் ஐந்து குற்றங்களுள் ஒன்று. தசலட்சணத்தின் எட்டாம் நாள் மாலையில் புதிய நன்கொடையாளர் பெயர்களைப் படிக்கும் முன்னர், அந்தப் பேரேட்டை எடுத்து, சென்ற ஆண்டு பொறுப்பேற்ற இல்லங்களின் பெயர்களைப் படிக்கவேண்டும். ஒவ்வொரு பெயரும் படிக்கப்படும்போது அவ்வில்லத்தார் எழுந்து, தாம் ஏற்ற குழந்தை இப்போது எந்த வகுப்பில் படிக்கிறது என்பதை மட்டும் சொல்லி அமரவேண்டும்.